முன்கதவுக்கு மஞ்சள் அடித்த கதை

டெக்ஸஸில் பிரிஸ்கோ பக்கம் வீடு வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. பத்திரத்தோடு கொடுத்த காகிதக் கட்டில் எச்.ஓ.ஏ. (குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம்) விதிகள் நூற்றுச் சொச்சம் பக்கம். நான் படிக்கவில்லை. யார்தான் படிக்கிறார்கள்?

போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை முன்கதவுக்கு நல்ல மாம்பழ மஞ்சள் அடித்தேன், இரண்டு கோட். பத்தே நாளில் சங்கத்திடமிருந்து தபாலில் கடிதம் வந்தது. அனுமதி இல்லாமல் வெளிப்புற நிறத்தை மாற்றிவிட்டேனாம். கூடவே ஒரு போட்டோ. தெருவில் காரில் இருந்தபடியே எடுத்திருக்கிறார்கள். நான் எடுத்து வைக்க மறந்த பெயின்ட் டப்பாகூட அதில் தெரிந்தது.

சரி, விண்ணப்பம் போட்டேன். ‘அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகவில்லை’ என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். அப்புறம்தான் சட்டத்தைத் தேடினேன். டெக்ஸஸ் சொத்துச் சட்டம், பிரிவு 209.00505, 2021-இல் வந்தது. நாற்பது மனைக்கு மேல் இருக்கும் குடியிருப்பில், வீட்டில் செய்யும் மாற்றங்களுக்கு அனுமதி தரும் சங்கத்தின் கமிட்டி ஒரு விண்ணப்பத்தை மறுத்தால், காரணத்தை விளக்கமாக எழுத வேண்டும். எதை மாற்றினால் ஒப்புக்கொள்வார்கள் என்றும் சொல்ல வேண்டும். 30 நாளுக்குள் போர்டிடம், அதாவது சங்கத்தின் நிர்வாகக் குழுவிடம், விசாரணை கேட்கலாம். போர்டு உறுப்பினரோ, அவருடைய கணவனோ மனைவியோ, அவர் வீட்டில் வசிப்பவரோ பொதுவாகக் கமிட்டியில் உட்காரவும் கூடாது.

விசாரணை கேட்டேன். எங்கள் தெருவில் ஏழு கதவுகளைப் படம் எடுத்துக்கொண்டு போனேன். ஒன்று அடர்சிவப்பு, ஒன்று நீலம். வாக்குவாதமே இல்லை. பெயின்ட் கடையின் நிறச்சீட்டை நீட்டி, இதைவிட ஒரு படி மங்கலாக இருந்தால் சரி என்றார்கள். முதல் விண்ணப்பத்தில் நான் ‘மஞ்சள்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். நிறத்தின் எண்ணைப் போடவேயில்லை. இப்போது கதவு கடுகு நிறம். வத்தக்குழம்பு நிறம் என்கிறாள் மனைவி.

*

மேலே சொன்னவருக்குக் கதவு. எங்களுக்குக் கதவு இல்லைங்க, வீட்டின் பின்பக்கக் கான்கிரீட் தளம். அதே டெக்ஸஸில் மெக்கின்னியில் இருக்கிறோம். நகராட்சி பெர்மிட் வாங்கிவிட்டோமே, போதும் என்று கான்ட்ராக்டரை வரச் சொல்லிவிட்டோம். நகராட்சி பெர்மிட் வேறு, சங்கத்தின் அனுமதி வேறாம். சர்வே வரைபடத்தில் தளத்தை அளவோடு வரைந்து கொடு என்றது கமிட்டி. வரைந்த பிறகுதான் தெரிந்தது, இரண்டு வீட்டுக்கும் நடுவே மழைத்தண்ணீர் ஓடும் பள்ளத்தை என் கான்கிரீட் இரண்டடி மூடுகிறது. கான்ட்ராக்டர் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. அந்த இரண்டடியைக் குறைத்தோம். எனக்குக் கமிட்டிமேல் எரிச்சல்தான், ஆனால் வைகாசியில் கொட்டிய மழையில் அந்தப் பள்ளம் கால்வாயாக ஓடியதைப் பார்த்தபோது பக்கத்து வீட்டுக்காரர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

*

நான் மூன்றாவது ஆள். நிலைவாசலில் மாட்டிய பிள்ளையார் படத்துக்கே எனக்குச் சங்கத்திடமிருந்து நோட்டீஸ் வந்தது. முன்பு மத அடையாளம் என்றால் நிலைவாசலில் மொத்தம் 25 சதுர அங்குலம்தான் அனுமதி. 2021-இல் அந்த அளவை எடுத்துவிட்டார்கள். அதே சொத்துச் சட்டத்தின் பிரிவு 202.018-ஐ அச்சடித்து அனுப்பினேன். மறுவாரமே நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் சங்கத்துக்குச் சொந்தமான இடத்தில் இந்த உரிமை செல்லாது, கவனம். பொங்கலன்று சங்கத்தின் பூங்கா வாசலில் நான் போட்ட பெரிய கோலத்தை அன்று மாலையே மழை கழுவிவிட்டது. இல்லாவிட்டால் அதற்கும் ஒரு கடிதம் வந்திருக்கும்.