அண்ணன் தம்பி பணத் தகராறு: முதலில் போக வேண்டியது யார்?

ஒலிவக்கிளை:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். அண்ணனிடம் தம்பி 50,000 ரூபாய் கைமாற்று வாங்கித் திருப்பித் தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரே சபை, இருவரும் திருவிருந்து எடுக்கிறார்கள். "கர்த்தரிடம் விட்டுவிட்டேன்" என்கிறார் அண்ணன். இது கீழ்ப்படிதல்தானா? யார் முதலில் போவது, எப்படிப் பேசுவது?

வாசற்படி:
பேசாமலிருப்பதற்குப் பல வீடுகளில் வைத்திருக்கும் பெயர்தான் "கர்த்தரிடம் விட்டுவிட்டேன்". மத்தேயு 18:15, அநியாயம் அனுபவித்தவனைப் போகச் சொல்கிறது. 5:23-24, தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தவனைப் போகச் சொல்கிறது, அதுவும் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் அப்படியே வைத்துவிட்டு. கொடுத்தவருக்கும் கட்டளை, வாங்கியவருக்கும் கட்டளை. "அவன் வரட்டும்" என்று சொல்ல இருவருக்குமே இடமில்லை. சண்டை வருடக்கணக்கில் நீள்வது பணத்தால் அல்ல, யார் இறங்கிப் போவது என்ற மானத்தால். "ஆண்டவர் சொன்னதால் வந்தேன்" என்று போகிறவருக்கு அந்த மானக்கணக்கு விழுந்துபோகிறது.

போகும்போது மத்தேயு 18:15-ல் வரும் "தனித்திருக்கையில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். மனைவியும் மச்சானும் கூட வேண்டாம். ஆலய வாசலில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதவும் வேண்டாம். ஒரே விஷயத்தை, தொகை தேதியோடு சொல்லுங்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் பேச்சு பழைய சொத்துப் பங்குக்குப் போய்விடும். சொல்லி முடித்ததும் தம்பியைப் பேச விடுங்கள்.

பெரும்பாலும் கெடுவது இதற்கு முன்பே: ஜெபக்குழுவில் "ஜெபக்குறிப்பு" என்று பெயர் சொல்லிப் பகிர்வது. தம்பி காதுக்கு அது முதலில் போய்விட்டால், பிறகு தனியே போனாலும் கதவு திறக்காது.

எண்ணாகமம்5:
தம்பி பக்கத்தையும் சொல்ல வேண்டும். வெறும் "ஸாரிண்ணே" போதாது. எண்ணாகமம் 5:7-ல் அறிக்கையிட்டபின் அசலும், அதனோடு ஐந்தில் ஒரு பங்கும் கொடுக்கச் சொல்லியிருக்கிறது, இங்கே 60,000. அந்த நியாயப்பிரமாணக் கணக்கு இன்று நம்மைக் கட்டாது என்றாலும், மனந்திரும்புதல் கையிலும் தெரிய வேண்டும் என்பதற்கு நல்ல அளவுகோல்.

தனியே பேசியும் கேட்கவில்லை என்றால் இரண்டொருவரை அழைக்கலாம் (மத்தேயு 18:16). அவர்கள் சாட்சிகள், அண்ணனுக்கு ஆள்பலம் சேர்க்க வருகிறவர்களாக இருக்கக்கூடாது. தம்பியும் மதிக்கும் ஒருவராவது இருக்கட்டும். அதற்கும் இணங்காவிட்டால்தான் சபை.

காவற்கோபுரம்:
ஒரு எச்சரிக்கை. இந்த வரிசையை எல்லாவற்றுக்கும் பொருத்தாதீர்கள். அடி உதை இருக்கும் வீட்டில் மனைவியைத் "தனியே போய்ப் பேசு" என்று அனுப்புவது அவளை ஆபத்தில் தள்ளுவது. குழந்தை மீது பாலியல் குற்றம் என்றால் சபைக்குள் பேசி முடிக்கவே கூடாது. 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13-உம் வேதம்தான்.

ஒலிவக்கிளை:
நன்றி சகோதரரே. தம்பியிடம் உண்மையாகவே பணம் இல்லையென்றால்?

வாசற்படி:
மாதம் 2,500 என்றால் அசல் 20 மாதத்தில் முடியும். ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவது நம்பிக்கையின்மை அல்ல. பிலேமோனின் அடிமையான ஒநேசிமுவின் கடனை "என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்ற பவுல், தானே செலுத்தித் தீர்ப்பதாகத் தன் கையாலேயே எழுதிக்கொடுத்தார் (பிலேமோன் 18-19). அண்ணன் தள்ளுபடி செய்வதென்றாலும் மனதுக்குள் செய்தால் தம்பிக்குத் தெரியாது. முழுவதுமா, பாதியா என்று அவனிடமே வாய்விட்டுச் சொல்லி, அந்தத் தாளிலும் எழுதிவிடச் சொல்லுங்கள்.