அப்பச்சி போகும் சிறிய கிளினிக்: சிகிச்சை சரியாக இருக்கிறதா என்று எப்படி அறிவது?

பள்ளத்தூர்ப் பிள்ளை:

வணக்கம். எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 74 வயது, ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) 69. பள்ளத்தூரில் அத்தனை பெரிய வீட்டில் இருவர் மட்டுமே இருக்கிறார்கள். அப்பச்சிக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உண்டு. பக்கத்து ஊரிலுள்ள ஒரே மருத்துவரிடம்தான் தொடர்ந்து காட்டி வருகிறார். ஓர் அறை, ஒரு கம்பவுண்டர், குறைந்த கட்டணம், மிகவும் அன்பான மனிதர்.

சென்ற மாதம் வீட்டில் படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) ஊருக்கு வந்திருந்தபோது, அப்பச்சியின் இடது பாதத்தில் செருப்புக் கடித்த புண் மூன்று வாரமாக ஆறாமல் இருந்ததைக் கண்டேன். வலிக்கவில்லை என்பதால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மூன்று வாரத்துக்குள் அவர் ஒருமுறை கிளினிக்குக்குப் போய் வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு உறக்கமில்லை. மருத்துவம் படிக்காத நான், ஒரு குடும்ப மருத்துவரின் சிகிச்சைத் தரத்தை எதைக் கொண்டு மதிப்பிடுவது? அவரை அவமதிக்காமல் எப்படிக் கேட்பது?

தேவகோட்டைச் செவிலி (ஓய்வு):

தம்பி, முதலில் அந்தப் புண்ணை இன்றே காட்டுங்கள். சர்க்கரையால் பாதத்தின் நரம்பு உணர்விழந்தவருக்கு வலி இல்லாததே ஆபத்து. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவெடிஸ் டோனபீடியன் என்ற மருத்துவ ஆய்வாளர் 1966இல் மருத்துவத் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினார். நாம் பெரும்பாலும் அமைப்பைப் பார்த்தே மயங்குகிறோம்: ஏசி இருக்கிறதா, கூட்டம் இருக்கிறதா என்று. விளைவை வைத்தும் ஒரே நோயாளியில் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஏனென்றால் நல்ல மருத்துவர் பார்த்தும் சிலருக்குச் சர்க்கரை அடங்குவதில்லை. வீட்டார் பார்க்கக்கூடியது செயல்முறை. மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை ஆண்டுக்கு இரண்டு முறையாவது எடுக்கப்பட்டதா, கண்ணின் விழித்திரையும் சிறுநீரில் புரதமும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கப்பட்டனவா, பாதம் தொட்டுப் பார்க்கப்பட்டதா என்று அப்பச்சியின் பழைய சீட்டுகளை மேசையில் பரப்பித் தேடுங்கள். இரத்த அழுத்தம் எடுக்கும் விதமே நிறையச் சொல்லும். ஐந்து நிமிடம் அமர வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி, பேச விடாமல் எடுப்பவர் ஒருவர். ஓடி வந்தவரின் சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றுபவர் இன்னொருவர். இரண்டாமவர் எழுதும் எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டக்கூடாது.

செக்காலை மருந்துக்கடை:

காரைக்குடியில் நாள் முழுவதும் மருந்துச் சீட்டுகளைப் படிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், சீட்டே ஒரு சாட்சி. மருத்துவரின் பதிவு எண் சீட்டில் இருக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு விதி. மருந்தின் பொதுப்பெயரை (கம்பெனி வைத்த பெயரை அல்ல, ஜெனரிக் பெயரை) தெளிவாக, கூடுமானவரை ஆங்கிலக் கேப்பிட்டல் எழுத்தில் எழுத வேண்டும் என்பது 2016இல் சேர்ந்தது. அட்டையைப் பிரித்துப் பெயரில்லாத மாத்திரைகளைக் காகிதப் பொட்டலத்தில் கொடுக்கும் இடத்தில் நான் என் குடும்பத்தைக் காட்ட மாட்டேன். நாளை மயங்கி விழுந்தால், என்ன சாப்பிட்டார் என்று மதுரையிலிருக்கும் மருத்துவருக்கு எப்படித் தெரியும்?

சாதாரணச் சளிக்கெல்லாம் ஊசியும் ஆன்டிபயாடிக்கும் தருவதும் கவலைக்குரியது. ஆனால் ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று வற்புறுத்துபவர்கள் நம் மக்களே என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று சொல்லிக் காரணத்தையும் விளக்குபவர் உங்கள் மருத்துவர் என்றால், அவரை விட்டுவிடாதீர்கள்.

கோட்டையூர் வாசி:

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆயினும் எங்கள் ஆயாவுக்கு இரவு 11 மணிக்கு மூச்சுத் திணறியபோது வீடு தேடி வந்து, இது இதயம் சார்ந்தது, தாமதிக்கக் கூடாது என்று கடிதம் எழுதிக் கொடுத்து, காரைக்குடிக்கு அனுப்பியவர் இப்படிப்பட்ட ஓர் அறை மருத்துவர்தான். ஆயாவுக்குப் பென்சிலின் ஒவ்வாது என்பதை அந்தக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதியிருந்தார். தன்னால் முடியாததை எப்போது, எப்படி அனுப்புகிறார் என்பதையும் தரத்தில் சேருங்கள். ஒரு குறைக்காக, குடும்பத்தையே அறிந்த மருத்துவரை மாற்றும் முன் நேரில் பேசிப் பாருங்கள்.

பள்ளத்தூர்ப் பிள்ளை:

அனைவருக்கும் நன்றி. செவிலி ஆச்சி சொன்னபடி அன்றே புண்ணைக் காரைக்குடியில் அறுவை மருத்துவரிடம் காட்டினோம். எலும்புவரை போகவில்லை, நாள்தோறும் கட்டு மாற்றி வருகிறோம். பழைய சீட்டுகளை அடுக்கிப் பார்த்ததில் எச்பிஏ1சி கடைசியாக எடுத்து 19 மாதம் ஆகியிருந்தது. விழித்திரைப் பரிசோதனை ஒருமுறைகூட இல்லை.

அந்தச் சீட்டுகளுடன் மருத்துவரிடமே போய், "ஐயா, அப்பச்சிக்கு என்னென்ன, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எழுதித் தருவீர்களா? நாங்கள் வெளியூரிலிருந்து நினைவூட்டுகிறோம்" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பாதத்தைப் பார்த்திருக்க வேண்டியது தம் பொறுப்பு என்று தாமாகவே சொன்னார். ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதிக் கொடுத்து, கம்பவுண்டரை அழைத்து, சர்க்கரை நோயாளிகள் உள்ளே வரும்போதே செருப்பைக் கழற்றச் சொல்லும்படி கூறினார். இப்போதைக்கு அவரிடமே தொடர்கிறோம். வரும் வெள்ளிக்கிழமை கண் பரிசோதனை. நோட்டு ஆத்தாவிடம் இருக்கிறது.