டெலஸ்கோப்புக்கு வீட்லயும் பயணத்துலயும் சேத்து இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட செலஸ்ட்ரான் நெக்ஸ்ஸ்டார் 8எஸ்இ டெலஸ்கோப் இருக்கு, 2022ல புதுசா வாங்குனது, பில் இருக்கு. ஐபீஸ் (கண்ண வச்சு பாக்கற லென்ஸ்), கேமரா எல்லாம் சேத்தா மூணு லட்சம் தாண்டும். வீடு வேளச்சேரில தரைத்தளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்ப முட்டி வரைக்கும் தண்ணி, பரண்ல ஏத்தி வச்சதால தப்பிச்சுது.

அமாவாசை ஒட்டி ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் கார்ல எடுத்துட்டு போறது வழக்கம், போன மாசம் திரும்பி வர்றப்ப பெரிய ஸ்பீடு பிரேக்கர்ல டிக்கில இருந்த டெலஸ்கோப் டியூப் உருண்டு அதோட முன் கண்ணாடி ஓரத்துல விரிசல் விட்டுடுச்சு, மனசே உடைஞ்சு போச்சு. கொலிமேஷன (கண்ணாடிங்கள நேர்கோட்டுல ஒழுங்கா வைக்கறது) நானே சரி பண்ணிட்டேன், விரிசல் அப்படியேதான் இருக்கு.

கார் பாலிசில கேட்டேன், உள்ள வச்ச பொருளுக்கு கிடையாதுன்னாங்க. பாரத் கிருஹ ரக்ஷாங்கற வீட்டு இன்ஷூரன்ஸ விசாரிச்சேன், தீ, வெள்ளம்லாம் வருது ஆனா வீட்டுக்குள்ள இருக்கற வரைக்கும்தானாம், வெளிய எடுத்துட்டு போனா ஒண்ணுமில்ல. பொருள வெளிய எடுத்துட்டு போனாலும் கவர் பண்ற ஆல் ரிஸ்க் பாலிசின்னு ஒண்ணு இருக்குன்னு ரெண்டு ஏஜென்ட்கிட்ட கேட்டேன். ஒருத்தர் நகை, கேமராவுக்குன்னா பண்ணலாம், டெலஸ்கோப் முடியாதுன்னுட்டாரு. இன்னொருத்தர் தரலாம், ஆனா ஆள் இல்லாத கார்லேர்ந்து திருடு போனாலோ பயணத்துல கண்ணாடி உடைஞ்சாலோ பணம் வராதுங்கறாரு, எனக்கு வேண்டியதே அதுதான்.

பயணத்துல கண்ணாடி உடையறதயும் சேத்து டெலஸ்கோப்புக்கோ கேமரா லென்ஸுக்கோ ஆல் ரிஸ்க் பாலிசி எடுத்து, க்ளெய்ம் வாங்குனவங்க யாராச்சும் இருக்கீங்களா, பாலிசில என்ன வார்த்தை போட்டு எழுதி வாங்குனீங்க?