பேச்சே இல்லாத அனிமேஷன் தேடுகிறேன், அம்மாவுக்காக

அம்மாவுக்கு வயது 67, திண்டுக்கல்லில் என்னோடு இருக்கிறார். 8 மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டது, ஆனால் யாராவது வேகமாகப் பேசினால் புரிவதில்லை. ஒரு நாள் விடாமல் சீரியல் பார்த்தவர், இப்போது இரண்டு வசனம் போவதற்குள் முகம் சுருங்கி ரிமோட்டை என் கையில் கொடுத்துவிடுகிறார்.

அதனால் வசனமில்லாததாகத் தேடிப் போடுகிறேன். டாம் அண்ட் ஜெர்ரியில் அடிதடியும் சத்தமும் ஆகவில்லை. பிங்கு, அந்தக் களிமண் பென்குயின், அழகுதான்; ஆனால் அது பேசும் கற்பனை மொழியை நிஜப் பேச்சு என்று அம்மா நினைத்து, தனக்குத்தான் புரியவில்லை என அழுதுவிட்டார். 2024இல் வந்த லாட்வியப் படம் ஃப்ளோ எனக்கு உயிர். வெள்ளத்தில் பூனை தத்தளித்ததும் அம்மா பதறி எழுந்துவிட்டார்.

சரியாக அமைந்தது ஷான் தி ஷீப் மட்டும்தான், பண்ணையில் வாழும் ஷான் என்ற ஆட்டின் தொடர். ஒரு பகுதி 7 நிமிடம். பண்ணைக்காரர் முணுமுணுப்பதோடு சரி, மற்றதெல்லாம் ஆட்டின் முழியிலேயே புரிந்துவிடும். ஆடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்றபோது அம்மா வாய்விட்டுச் சிரித்தார், 8 மாதத்தில் முதல் தடவை. கிடைத்த பகுதிகளையெல்லாம் மூன்று சுற்று பார்த்தாயிற்று.

டிவி பழைய 32 இன்ச், ஸ்மார்ட் கிடையாது. லேப்டாப்பை ஒயரில் இணைத்துப் போடுகிறேன்.

ஷான் போலவே வசனமில்லாத, நிதானமாக ஓடுகிற, பயமுறுத்தாத அனிமேஷன் வேறு எது இருக்கிறது?