கரும்பாலைக் கதைக்கு வட்டாரச் சொற்கள் வேணுமுங்க

வணக்கமுங்க. ஈரோடு மாவட்டக் கவுந்தப்பாடிப் பக்கம், வெல்லம் காய்ச்சும் கரும்பாலையில் நடக்கும் ஒரு சிறுகதையைக் குழுவாகத் திருத்திக்கொண்டிருக்கிறோம். இரண்டு இடத்தில் சிக்கல்.

முதலாவது பேச்சு. எழுதுபவர் ஒவ்வொரு வரியிலும் 'ங்க' போட்டதில் பெரியவர், பொடிசு எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். கதைசொல்லலைப் பொதுத்தமிழிலும் உரையாடலை வழக்கிலும் பிரித்தோம். ஒரு பேச்சுக்கு ஒன்றிரண்டு வட்டாரச் சொல் போதும். உறவினரைச் சொல்லும் 'ஒறம்பரை', வீட்டின் பின்புறத்தைச் சொல்லும் 'பொடக்காளி' இரண்டும் கதையில் சூழலிலேயே புரியட்டும், அடைப்புக்குறி விளக்கம் வேண்டாம். 'ங்க' யாரிடம் வருகிறது, யாரிடம் நின்றுபோகிறது என்பதிலேயே உறவு தெரிந்துவிடும். எழுத்துக்கூட்டலும் ஒன்றாக இருக்க வேண்டும்: முதல் பக்கத்தில் 'ஏனுங்க', ஐந்தாம் பக்கத்தில் 'ஏனுங்' என்றால் அச்சுப்பிழை போலத் தெரியும். அதற்கு ஒரு தனிச் சொற்பட்டியல் வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது தொழில். கொப்பரையில் சாறு கொதிக்கும்போது மேலே திரளும் அழுக்கை வழித்தெடுப்பது, சுண்ணாம்பு கூடினால் வெல்லம் கறுப்பது, பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பதம் பார்ப்பது எல்லாம் கதையில் இருக்கிறது. ஆனால் எல்லாமே அகராதித் தமிழ்.

ஆலையில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்க: அழுக்கு வழிக்கும் கருவிக்கும், பதம் பார்ப்பவருக்கும் உங்க ஊரில் என்ன பேர்? பாகு முறுகிப்போனால் எப்படிச் சொல்வீங்க? ஊர்ப்பேரோடு எழுதினால் நல்லது. கோபிக்கும் பொள்ளாச்சிக்கும் ஒரே சொல் இருக்கணும்னு இல்லையே.