அமெரிக்கக் கால்பந்தில் பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளில் சிறந்தவர் யார், பிரேடியா, மானிங்கா? மைதானத்தில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கோல்ட்ஸ் ரசிகர், இண்டியானாபொலிஸ்:

டாம் பிரேடிக்கு ஏழு சூப்பர் பவுல் (பருவத்தின் இறுதிப் போட்டி) வெற்றிகள், பெய்ட்டன் மானிங்குக்கு இரண்டு. இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்கிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. 2007 ஜனவரி 21 அன்று, மானிங் ஆடிய எங்கள் கோல்ட்ஸ் அணியின் அரங்கமான ஆர்சிஏ டோமில் இருந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

அன்று இரண்டாம் கால்பகுதியிலேயே பிரேடியின் அணியான பேட்ரியட்ஸ் 21-3 என்று முன்னிலை. மானிங் எறிந்த பந்தை அசான்டே சாமுவேல் இடையில் பறித்து, எங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடி டச்டவுன் ஆக்கியிருந்தார். என் முன்வரிசையில் இருந்த பெரியவர் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தே விட்டார். மகள்தான் இழுத்து உட்கார வைத்தாள்.

மானிங்கை நேரில் பார்க்க வேண்டும். பந்து அவர் கைக்கு வருவதற்கு முந்தைய நொடிகள்தான் அவருடைய உண்மையான ஆட்டம். எதிரணி நிற்கும் நிலையைக் கண்ணால் அளப்பார். ஒருவரை நோக்கி விரல் நீட்டுவார். பக்கவாட்டில் நடந்துபோய்ச் சக வீரரிடம் ஏதோ சொல்வார். திரும்பி வந்து, கைகளை வீசி, சற்றுமுன் தானே சொன்னதை அப்படியே மாற்றுவார். அவ்வளவு நேரமும் அரங்கம் நிறைந்த கூட்டம் மூச்சுவிடாது. அவர் குரல் கடைசி வீரர் வரை கேட்க வேண்டும் அல்லவா! பந்து பிரேடியிடம் போனதும் அதே கூட்டம் கூரை அதிரக் கத்தும்.

இடைவேளைக்குப் பிறகு 21-21, 28-28, 31-31. கடைசியில் 34-31 என்று பின்தங்கிய நிலையில் அணியை 80 கெஜம் நடத்திச் சென்றார் மானிங். ஒரு நிமிடம் மிச்சமிருக்க, ஜோசஃப் அடாய் பந்தோடு உள்ளே புகுந்தார். 38-34. பிரேடியின் கடைசி முயற்சியை மார்லின் ஜாக்சன் பறித்துக்கொண்டார்.

இருவரும் மோதிய 17 ஆட்டங்களில் பிரேடி வென்றது 11, உண்மைதான். ஆனால் பருவ முடிவில் வரும் பிளேஆஃப் என்னும் வெளியேற்றுச் சுற்றில் சந்தித்த ஐந்தில் மூன்று மானிங்குடையவை. பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருது மானிங்குக்கு ஐந்து முறை, பிரேடிக்கு மூன்று முறை.

செவிலியர், தம்பா:

2021 பிப்ரவரியில் எங்கள் ஊரில் நடந்த சூப்பர் பவுலுக்கு, தடுப்பூசி போட்டுக்கொண்ட மருத்துவப் பணியாளர்கள் 7,500 பேரை இலவசமாக அழைத்தார்கள். எனக்கும் இடம் கிடைத்தது. காலி இருக்கைகளில் எல்லாம் அட்டையில் வெட்டி வைத்த மனித உருவங்கள். கொரோனா வார்டிலிருந்து வந்த எனக்கு, பக்கத்தில் ஆட்கள் ஆரவாரம் செய்வதைக் கேட்டதே போதுமானதாக இருந்தது.

பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பெலிசெக் இல்லாமல் பிரேடி என்ன செய்வார் என்று கேட்டவர்களுக்கு அன்று பதில் கிடைத்தது. வயது 43, எங்கள் ஊர் பக்கனியர்ஸ் அணியில் முதல் ஆண்டு, மூன்று டச்டவுன் பாஸ்கள், 31-9. பந்து கைக்கு வந்ததும் போய்விடும். அவர் ஓடியதாகவே நினைவில்லை.

அன்று என் கண் அதிகம் போனது எதிரணியின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் மீதுதான். அவரை இரு பக்கமும் காக்க வேண்டிய வழக்கமான காவல் வீரர்கள் (டாக்கிள்கள்) காயத்தால் ஆடவில்லை. ஆட்டம் முழுக்கத் துரத்தப்பட்டார். ஒருமுறை தரைக்குக் கிடையாக விழுந்துகொண்டே பந்தை எறிந்தார். அது டச்டவுன் எல்லைக்குள் நின்ற சக வீரரின் முகக்கம்பியில் பட்டுக் கீழே விழுந்தது. ஆட்டக் கணக்கில் அது பிடிபடாத பாஸ், அவ்வளவுதான். நான் கண்ட மிகச் சிறந்த எறிதல் அது.

பழைய ரசிகர், நியூ ஜெர்சி:

மயாமி டால்ஃபின்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் டான் மரினோவை விட்டுவிட்டு இந்தப் பேச்சா? 1994 நவம்பரில் ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில், மயாமியோடு மோதிய ஜெட்ஸ் அணியின் ரசிகர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். 24-6 என்று இருந்த ஜெட்ஸின் முன்னிலை, 24-21 ஆகச் சுருங்கியிருந்தது. மரினோ, கடிகாரத்தை நிறுத்தப் பந்தைத் தரையில் அடிக்கப்போவதாகச் சைகை காட்டியபடி ஓடிவந்தார். தடுப்பாளர்கள் தளர்ந்தார்கள். மனிதர் அடிக்கவில்லை, மார்க் இங்ராமுக்கு எறிந்துவிட்டார்! டச்டவுன், 22 நொடி மிச்சம். என்னைச் சுற்றி ஒருவர் வாயிலும் சொல் இல்லை.

1984-இல் 5,084 கெஜம், 48 டச்டவுன் என்று ஆடியவர் அவர். 17 பருவங்களில் ஒரே ஒரு சூப்பர் பவுலுக்குப் போனார். ஜோ மொன்டானாவின் சான் பிரான்சிஸ்கோ அணியிடம் 38-16 என்று தோற்றார். மறுபக்கம், 2001 ஜனவரியில் ரேவன்ஸ் அணிக்காக சூப்பர் பவுல் வென்ற குவார்ட்டர்பேக் டிரென்ட் டில்ஃபரை அந்த அணியே அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளவில்லை. அந்த வெற்றி தடுப்பாட்டக்காரர்களுடையது என்பது அவர்களுக்குத் தெரியும்.

மொன்டானாவை நேரில் பார்த்தவர் யாரேனும் இங்கே உண்டா? நான்கு சூப்பர் பவுலில் 122 முறை எறிந்து, ஒரு பந்தைக்கூட எதிரணியிடம் கொடுக்காதவர். அவரைப் பற்றி அவசியம் எழுதுங்கள்.