டிஏசி-ஆம்புடன் கேமிங் ஹெட்செட்: மைக்கை எங்கே இணைப்பது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கணினியில் வேலரன்ட் விளையாடுவதற்காகக் கம்பியுள்ள ஹெட்செட் ஒன்றை 8,000 ரூபாய்க்குள் வாங்க எண்ணியுள்ளேன். கேபினட்டின் முன்பக்கத் துளையில் எதைச் செருகினாலும், கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யத் தொடங்கியதும் மெல்லிய கீச்சொலி கேட்கிறது. எதிரியின் காலடி ஓசை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கூர்ந்து கவனிக்கும் நேரத்தில் அது பெருந்தொல்லை. ஆகவே, யூஎஸ்பி வழியாக இயங்கும் சிறிய டிஏசி-ஆம்ப் (கணினியின் டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக மாற்றிப் பெருக்கித் தரும் கருவி) ஒன்றை வாங்கிவிட்டேன்.

சிக்கல் மைக்கில்தான். பல ஹெட்செட்டுகள் ஒலியையும் மைக்கையும் மூன்று வளையங்கள் கொண்ட ஒரே 3.5 மி.மீ. பின்னில் தருகின்றன, என் ஆம்பிலோ ஹெட்போனுக்கான துளை மட்டுமே உள்ளது. அந்தப் பின்னை ஒலிக்கும் மைக்குக்கும் தனித்தனியாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டு, ஒலியை ஆம்பிலும் மைக்கை மதர்போர்டின் இளஞ்சிவப்புத் துளையிலும் கொடுத்தால், இரண்டின் கிரவுண்டும் (மின்சுற்றின் பொதுக் கம்பி) ஹெட்செட்டின் அந்த ஒரே பின்னில் சேர்வதால் பழைய கீச்சொலி மைக் வழியாகத் திரும்பிவிடுமா? அவ்வாறு இணைத்துப் பயன்படுத்துவோரின் அனுபவம் தேவை. மைக்குக்கு மட்டும் மலிவான யூஎஸ்பி சவுண்ட் கார்டு வைப்பது மேலா?

யூஎஸ்பி ஹெட்செட்டைப் பரிந்துரைக்க வேண்டாம். அதற்குள்ளேயே டிஏசி இருப்பதால் என் கருவிக்கு வேலையிருக்காது. 32 ஓம் ஹெட்செட்டுக்கு ஆம்பின் வலிமை பெரிதாகத் தேவைப்படாது என்பதும் தெரியும். எனக்கு வேண்டியது இரைச்சலற்ற ஒலியே.

சென்னைப் புழுக்கத்தில் ரெக்சின் காதுமெத்தை வியர்வையில் பிசுபிசுத்து உரிந்துவிடுகிறது (ஏசி இல்லாத அறை), எனவே துணி மெத்தையுள்ள மாடல்களைச் சொல்லுங்கள். ரிச்சி தெருவில் காதில் மாட்டிக் கேட்டுப் பார்க்க அனுமதிக்கும் கடை இருந்தால், அதையும் குறிப்பிட வேண்டுகிறேன்.